திருப்பண்ணனும் தும்பிக்கைப் பெரணியும்

உம்பாய்க் கடற்கரையில் ஆரம்பித்து ரெம்பியா செம்பனைக் காடு வரைக்கும், திருப்பண்ணன் அடிப்பக்கம் பார்க்காத இலை ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த இலை இன்னும் முளைக்கவில்லை என்று அர்த்தம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லாரியில் எடுபிடியாக ஏறி, இன்றைக்கு மூன்று மண்வாரி மெஷினுக்குச் சொந்தக்காரனாக இருக்கிறேன். படித்தவர்களை எடை போட எனக்குத் தெரியாது. வேலை தெரிந்த ஆளை எடை போடுவதில் மலாக்காவில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த நானே ஓர் ஆளை நாற்பது வருஷம் தப்பாக எடை போட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. எதைக் காட்டினாலும் "திருப்பு" என்பார். அதனால் திருப்பண்ணன். ரொட்டி சானாய் வந்தால் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பார். புதுச் சட்டையை உள்பக்கம் வெளியே இழுத்துத் தையலைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். உம்பாயில் ஒருமுறை சுட்ட மீனைத் தட்டிலேயே புரட்டி, "இந்தப் பக்கம் வேகல லா" என்றார். கடைக்காரர் சண்டைக்கு வந்தார். தானும் புரட்டிப் பார்த்தார். மீனை எடுத்துக்கொண்டு போய் மறுபடி நெருப்பில் வைத்தார். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட வெற்றிலையைத் திருப்பி நரம்பு எண்ணினாராம். உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதாம். அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டார்.

ஆனால் கிளேபாங்கில் நடந்த ஒரு கல்யாணத்தில் இந்தப் பழக்கம் அவரைக் கவிழ்த்துவிட்டது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாழையிலை போட்டார்கள். நாங்கள் தண்ணீர் தெளித்தோம். அவர் இலையைத் தூக்கிக் கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கிருந்தோ பாய்ந்து வந்தார். "யோவ், சோறு போடுறதுக்கு முன்னாடியே எலைய கவுக்குறியே! இது கல்யாண வீடா, கருமாதி வீடாய்யா?"

"இல்லண்ணே, அடியில பூஞ்ச வந்திருக்கு. தோட்டம் பூரா பரவிரும். யார்ட்ட எல வாங்குனீங்க?"

"மொதல்ல எந்திரிய்யா!"

எழுப்பிவிட்டுவிட்டார்கள். பசியோடு வெளியே போய் நின்றார். கூட வந்தவன் நான், எழுந்திருக்க வேண்டுமா இல்லையா? எழவில்லை. பாயசம் இன்னும் வரவில்லை.

இந்த மனுஷன் ரெம்பியா தோட்டத்தில் பார்த்த வேலை என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். புல்லுக்கு மருந்து அடிப்பது. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு நடுவில் முளைக்கிற பச்சையை எல்லாம் கொல்வதுதான் பிழைப்பு. அதிலும் ஒவ்வொரு செடியையும் திருப்பிப் பார்த்து, சரிதான் என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் அடிப்பார். மண்டோர், அதாவது வேலையை மேய்க்கிறவர், தலையில் அடித்துக்கொள்வார். "கொல்லச் சொன்னா ஜாதகம் பாக்குறியே! அது என்ன, ஒனக்குச் சம்பந்தியா?"

"யாருன்னு தெரியாம எப்படிண்ணே கொல்றது?" என்பார் திருப்பண்ணன்.

மருந்தடிக்கிற அந்தக் கும்பலில் ஒரு பழக்கம் உண்டு. மருந்து படக்கூடாத செடி இருந்தால், அது யார் வீட்டு மிளகாயோ, புதுச் செம்பனைக் கன்றோ, ஒரு துணியைக் கிழித்து அதில் கட்டிவிடுவார்கள். பின்னால் வருகிறவன் துணியைப் பார்த்து ஒதுங்கிப் போவான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரே கோயிலாகப் போனது இந்தத் துணியால்தான்.

போன வருஷம் அதே தோட்டத்தில் பழைய செம்பனையைத் தள்ளிவிட்டு மறுநடவு செய்யும் வேலை எனக்கு வந்தது. பெரிய பெரிய கம்பெனிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்ற வேலை. என் பெயருக்குக் கிடைத்தது. தோட்டத்துக் கடைசியில், ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். அதையும் தூர்த்துச் சமமாக்க வேண்டும் என்பது மானேஜரின் உத்தரவு.

முதல் நாள் போய்ப் பார்க்கிறேன், பள்ளத்து விளிம்பில் திருப்பண்ணன் நிற்கிறார். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"தம்பி, எங்க வேணா மெஷின விடு. இங்க மட்டும் விடாத."

"ஏண்ணே? பொதையலா?"

"வந்து பாரு."

இறங்கிப் பார்த்தேன். ஒரு பெரணி. செம்பனை மரத்தில் ஒட்டிக்கொண்டு தொங்குமே, அந்த மாதிரி சில்லறைப் பெரணி இல்லை. ஒரே ஒரு இலை என் பிக்கப் வண்டியை விட நீளம். அந்த மாதிரி பத்துப் பன்னிரண்டு, குடை விரித்தது போல நாலு பக்கமும் வளைந்து நின்றன. நடுவில் கிளம்புகிற இளங்குருத்து என் முன்னங்கை பருமனுக்குச் சுருண்டு உட்கார்ந்திருந்தது.

நான் அசந்துவிட்டேன். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. "பாக்கிஸ் கீரைதானே? பசார்ல கட்டுக் கட்டா விக்கிறாங்க. சம்பல் வச்சுக் கிண்டுனா ஒரு வாரம் ஊருக்கே போடலாம்."

அவர் சிரிக்கவில்லை. "இருவது வருஷமா மருந்து படாம நான் காப்பாத்துனது, தம்பி. இது யானைப் பெரணி. மலைக்காட்டுல கெடக்கும். இந்தப் பக்கம் வேற எங்கயும் நான் பாத்ததில்ல."

மானேஜரைக் கூட்டிவந்தேன். அவர் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தார். செடிக்குப் பேர் சொல்கிற ஆப் அதை மரப் பெரணி என்று காட்டியது. "இது சாதாரணச் செடி லா. திங்கட்கிழமை தூர்த்துடுங்க" என்றார். திருப்பண்ணன் தப்பு, தப்பு என்று குதித்தார். மானேஜர் நல்ல மனுஷன்தான். "சரி, படிச்சவங்க யாராவது இது வேற செடின்னு எழுதிக் கொடுக்கட்டும். பள்ளத்த விட்டுடுறேன்" என்றார். மலாக்கா டவுனில் காலேஜில் செடிகொடி சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சருக்கு நான்தான் ஆள் பிடித்துச் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

அதற்குள் மெஷின் தெரியாமல் இடித்துவிடுமோ என்று திருப்பண்ணனுக்குப் பயம். மருந்தடிக்கிறபோது மூக்கில் கட்டுகிற துணியைக் கிழித்துக் குருத்தில் கட்டிவிட்டுப் போனார். அந்தத் துணி மஞ்சள் நிறம்.

மறுநாள் காலையில் என் மெஷின் ஓட்டும் மணியம் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். மணியத்துக்கு மருந்தடிக் கும்பலின் பழக்கம் எங்கே தெரியும்? அவன் கண்ணுக்குத் தெரிந்தது என்ன? வளைந்து சுருண்ட தும்பிக்கை. அதில் மஞ்சள் துணி. இரண்டு பக்கமும் விரிந்த காது மாதிரி இலை. எஞ்சினை அணைத்தான். சப்பாத்தைக் கழற்றினான். தேங்காய் வாங்க ஓடினான்.

"மொதலாளி, பிள்ளையாரு தானா மொளச்சிருக்காரு! நான் மெஷின எடுக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமைக்குள் குருத்துக்குக் குங்குமம் வந்துவிட்டது. பழைய லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் விளக்கோடு வந்தார்கள். சனிக்கிழமை பால். "தும்பிக்கைப் பிள்ளையார்" என்று பெயரும் வைத்து, தகரக் கூரை போட்டுச் சுற்றிலும் சிமெண்டுத் தளம் போடுவதாக ஒரு கமிட்டியும் கூடிவிட்டது.

நான் திருப்பண்ணனைத் தனியே இழுத்தேன். "அண்ணே, வாய மூடிக்கிட்டு இருங்க லா. ஒங்க செடி பொழச்சிருச்சு. சாமி மேல எவன் மெஷின விடுவான்?"

"எங்கடா பொழச்சுது? பால ஊத்துனா வேரு அழுகும். கூர போட்டா மழ போச்சு. சிமெண்டு போட்டா மூச்சு போச்சு. மெஷினு ஒரு நாள்ல கொல்லும், இவங்க மூணு மாசத்துல கொல்லுவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்." செடி பக்கம் கையை நீட்டினார். "அது யாருன்னு தெரிஞ்சாத்தான்டா அதுக்கு என்ன வேணும்னு தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தபோது பள்ளத்தில் சாம்பிராணிப் புகை. நாற்பது ஐம்பது பேர். மானேஜரும் நின்றார். டீச்சர் சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். மேலே நின்றபடியே பார்த்துவிட்டு, "மரப் பெரணி மாதிரிதான் இருக்கு அங்கிள்" என்றார்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு. மணியம் கையைத் தட்டினான். திருப்பண்ணன் முகம் சுருங்கிவிடும் என்று நினைத்தேன். மனுஷன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"டீச்சர், கொஞ்சம் எறங்கி வாங்க. மரப் பெரணின்னா மரம் எங்க? இவ்வளவு பெரிய எல இருக்கு, அடியில ஒரு மொட்டக் கட்டதான் கெடக்கு. சரி, தண்டத் தடவுங்க. மரப் பெரணிக்கு அடித்தண்டுல செதிலு மயிரு மாதிரி அப்பியிருக்கும், கைய அரிக்கும். இது வழுவழுன்னு இருக்கா?"

டீச்சர் இறங்கித் தடவிப் பார்த்தார். "ஆமா..."

"இப்ப தண்டோட அடிய பாருங்க. ரெண்டு பக்கமும் சதையா, காது மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கா? எல காஞ்சு விழுந்தாலும் இந்தக் காது சாகாது. வெட்டி ஈர மண்ணுல வச்சா புதுசா குருத்து விடும். நான் வச்சுப் பாத்திருக்கேன். கெளை பிரியுற எடத்துல பாருங்க, யான முட்டி மாதிரி வீங்கியிருக்கு. மரப் பெரணியில இந்த முட்டி ஏது?"

டீச்சர் பையிலிருந்து தன் பூதக்கண்ணாடியை எடுத்தார். அவருடையது புதுசு, திருப்பண்ணனுடையது பிடி உடைந்து, சைக்கிள் டியூப் சுற்றியது.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி, டீச்சர்" என்றார் திருப்பண்ணன். பிறகு நாற்பது வருஷமாக ஊர் கேட்டுச் சிரித்த அந்த ஒரே சொல்லைச் சொன்னார். "திருப்பு."

டீச்சர் சேற்றில் முட்டி போட்டு இலையைத் திருப்பினார்.

"ஓரத்துல வரிசையா, ரெண்டு வரிச பொட்டு தெரியுதா? குட்டிக் குட்டிப் படகு கட்டி வச்ச மாதிரி. மேல மூடி இல்ல. மரப் பெரணிக்கு உருண்ட உருண்டையா நடுத்தண்டு பக்கம் இருக்கும். இதுக்கு ஓரம்தான்."

நான் எத்தனையோ டெண்டர் திறக்கிற இடத்தில் நின்றிருக்கிறேன். நெஞ்சு இப்படி அடித்ததில்லை. டீச்சர் ஒரு இலை, இன்னொரு இலை, இன்னொரு இலை என்று பார்த்துக்கொண்டே போனார். எழுந்தார். முட்டிச் சேற்றைக்கூடத் தட்டவில்லை. மானேஜரைப் பார்த்தார்.

"நான் சொன்னது தப்பு சார். ஐயா சொன்னதுதான் சரி. இது யானைப் பெரணிதான். இந்தப் பக்கத்துத் தோட்டத்துல நானும் பாத்ததில்ல. இன்னிக்கே எழுதிக் கொடுக்கிறேன்."

கவனித்தீர்களா? இறங்கும்போது அங்கிள். ஏறும்போது ஐயா!

அப்புறம் எழுந்த சத்தத்தை நான் என்னவென்று சொல்ல? மானேஜர் வந்து திருப்பண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண்கள் குலவையிட்டார்கள். மணியம் மெஷினில் ஏறி ஹாரனை விடாமல் அழுத்தினான்; செம்பனையில் உட்கார்ந்திருந்த காக்கா அத்தனையும் பறந்தது. கமிட்டிக்காரர்கள் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் விடுவேனா? மேட்டில் மாமரத்தடியில் கல்லிலேயே ஒரு பிள்ளையாரை வைத்துத் தருகிறேன் என்று அந்த இடத்திலேயே அறிவித்தேன். வைத்தும் கொடுத்தேன். தகரக் கூரை, சிமெண்டுத் தளம் எல்லாம் அவருக்கு. மழையும் சேறும் பெரணிக்கு. இரண்டு பேருக்கும் திருப்தி.

டீச்சர் காலேஜில் வைக்க ஒரு இலை வேண்டும் என்றார். திருப்பண்ணனே பார்த்துப் பார்த்து ஒன்றை அறுத்தார். என் லாரியில் ஏற்றினோம். பின்னால் நுனி நீட்டிக்கொண்டு நின்றது. நீளச் சாமானுக்குக் கட்டுவது போல அதில் சிவப்புத் துணி கட்டினேன். "இன்னொரு துணியா?" என்று மணியம் பயந்தான். ரெம்பியா டவுன் வழியாகப் போனபோது கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். திருவிழாவா என்று கேட்டவர்களுக்கு எல்லாம் ஆமாம் என்றேன்.

காலேஜில் அந்த இலையைத் துண்டு துண்டாக்கி, பழைய தமிழ்ப் பேப்பருக்கு நடுவில் வைத்து அழுத்தினார்கள். ஒட்டப் போகும் அட்டைக்கு ஒரு சீட்டு. தண்டு எப்படி, முட்டி எப்படி, பொட்டு எப்படி என்று திருப்பண்ணன் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். கடைசியில், "சேகரித்தவர் பேர் போடணும். ஐயா பேரு?" என்றார்.

நான் முந்திக்கொண்டு வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. என் லாரி நம்பர் அத்தனையும் எனக்கு மனப்பாடம். நாற்பது வருஷப் பழக்கத்தில் இந்த மனுஷனின் பெயரை நான் கேட்டதே இல்லை.

அவர் மெதுவாகத் தன் பெயரைச் சொன்னார். நல்ல பெயர். டீச்சர் எழுதினார். அதை இங்கே எழுத மாட்டேன். வேண்டுமென்றால் போய்ப் பாருங்கள், அட்டையில் இருக்கிறது. இலைத் துண்டுகளில் ஒன்றைக் கவிழ்த்து ஒட்டச் சொல்லி அவர் அடம்பிடித்ததும் அதில் தெரியும்.

பள்ளம் அப்படியே இருக்கிறது. தும்பிக்கைகள் இரண்டு கூடியிருக்கின்றன.

போன மாதம் என் பேத்தி கல்யாணம். மலாக்கா டவுனிலேயே பெரிய மண்டபம். சின்னதில் என் வீட்டுக் கல்யாணம் நடக்குமா? முதல் பந்தியில், நடு இடத்தில், திருப்பண்ணனை உட்காரவைத்தேன். இலை போட்டார்கள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக, திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் குனிந்து, என் கையாலேயே அந்த இலையைத் திருப்பிக் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டிய பிறகுதான், சோறு போடச் சொன்னேன்.