படத்துக்குக் கீழே இரண்டு வரி

வெளியாகும் திரைப்படங்களின் நிறைகுறைகளை எடுத்துரைப்பது பொறுப்புள்ள குடிமகனின் தலையாய கடமை. இதை நானாகச் சொல்லவில்லை. எங்கள் நகராட்சியின் மாத இதழில் எனக்கு ஒதுக்கிய அரைப் பக்கத்தின் தலையில் அப்படித்தான் அச்சடித்திருக்கும். அடியில் என் பெயர் இருக்கும்: ஃபிர்மின் தாலெமன்ஸ், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். முப்பத்தொரு வருஷம் ஒரே தண்டவாளத்தில் போய்வந்தவனுக்கு எந்தக் கதை எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று யாரோ நம்பி இந்தப் பணியைக் கொடுத்தார்கள். நம்பிக்கை வீண்போகவில்லை.

பிரஸ்ஸல்ஸில் புதன்கிழமைதான் புதுப்படம் மாறும். மதியம் இரண்டு மணிக் காட்சிக்கு கால்வாய் ஓரத்து எல்டோரா தியேட்டரில் ஆறாம் வரிசை ஏழாம் எண்ணில் நான் இருப்பேன். எட்டாம் எண்ணில் கிஸ்லேன் இருப்பார். என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறார். மருந்துக்கடை நடத்தியவர், கணவர் இறந்து ஆறு வருஷம். அவர் பிரெஞ்சு பேசுபவர், நான் பிளமிஷ் பேசுபவன்; எங்கள் ஊரில் இரண்டும் ஆட்சிமொழி. எந்த நாட்டுப் படம் வந்தாலும் எங்கள் தியேட்டர்களில் படத்துக்குக் கீழே இரண்டு வரி ஓடும். மேல் வரி பிரெஞ்சு, கீழ் வரி பிளமிஷ். அவர் மேலே படிப்பார், நான் கீழே படிப்பேன். சிரிப்பு வரும் இடத்தில் அவர் அரை நொடி முந்திச் சிரிப்பார். அதைக் கேட்டு நானும் தயாராகிவிடுவேன்.

நான்கு வருஷமாக இப்படி. அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்பதும் நான்கு வருஷமாகத்தான் இருக்கிறது. விளக்கு அணையும் சமயம் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொள்வேன். செருமி முடிப்பதற்குள் கார் விளம்பரம் வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். வம்பு தொடங்கிய மாதம் நான் எழுதிய நிறைகுறைகளை அப்படியே தருகிறேன்.

"பறக்கும் வீரர் படம், ஏழாம் பாகம். நிறை: ஆறு பாகமும் பார்த்தவர்களுக்கும் புரியாது, ஆகவே எல்லாரும் சமம். குறை: வீரர் உலகத்தைக் காப்பாற்ற எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு இரண்டு முறை கழிப்பறை போக நேர்ந்தது.

"பாரிஸில் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடும் படம். நிறை: சாப்பாடு. குறை: எட்டுப் பேர்.

"விருது வாங்கிய துப்பறியும் படம். நிறை: இப்போதைய நாகரிகப்படி முழுக்க இருட்டில் எடுத்திருக்கிறார்கள். குறை: கொலைகாரன் பிடிபட்டான் என்று கேள்விப்பட்டேன், பார்க்க முடியவில்லை.

"பின்லாந்துப் படம். பனி தள்ளும் வண்டி ஓட்டும் ஒருவர், பெட்ரோல் நிலையத்தில் காபி விற்கும் ஒரு பெண்மணி. பத்துக் குளிர்காலம் அவர் வந்து காபி குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகிறார். கடைசியில் அந்த அம்மாள் ஊரைவிட்டுப் பேருந்தில் ஏறும்போது அந்த மனிதர் பனிக்குள் நின்று வாயைத் திறக்கிறார். நிறை: நல்ல படம். குறை: எழுத்தும் வெள்ளை, பனியும் வெள்ளை. கடைசி வசனம் தெரியவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்."

அந்தப் பின்லாந்துப் படத்தில் கிஸ்லேன் அழுதார். விளக்கு போட்டதும் மூக்கைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னாரு அந்த மனுஷன்? கீழ் வரியில ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"வெள்ளையா இருந்துச்சு."

"மேலயும் வெள்ளைதான். பத்து வருஷம் கழிச்சு வாயத் திறந்திருக்காரு, அது என்னன்னு தெரியாம நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

அதற்காகத்தான் அந்தக் குறையை எழுதினேன். கிஸ்லேனுக்குத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எனக்கு இல்லை. ஆனால் என் அரைப் பக்கத்தின் கடைசி வரியில் வந்த "சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்" என்ற சொற்றொடரை ஒருவர் கவனித்துவிட்டார். எங்கள் நாட்டில் இது எப்போதாவதுதான் நடக்கும். பத்தாம் நாள் திரையடி வாசகத் துறையின் துணை இயக்குநர் திபோ ரென்கின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

படத்துக்குக் கீழே ஓடும் வரிகளுக்கென்று ஒரு துறை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ரென்கின் மெலிந்த மனிதர், மேசையில் இரண்டு பேனா, இரண்டும் ஒரே நீளம்.

"உக்காருங்க தாலெமன்ஸ். ரொம்ப முக்கியமான குறைய எழுப்பியிருக்கீங்க. நடவடிக்கை ஆரம்பிச்சாச்சு."

"சந்தோஷம் ஐயா. அந்த ஆள் என்ன சொன்னாருன்னு தெரிஞ்சா போதும்."

"அது கடைசிக் கட்டம். முதல்ல எழுத்துக்குப் பின்னாடி ஒரு கறுப்புப் பட்டை போடறோம். பனி வந்தாலும் எழுத்து தெரியும்."

"நல்ல யோசனை."

"பட்டை போட்டா மேல் வரி கீழ் வரின்னு பேதம் பளிச்சுனு தெரியும். பிரெஞ்சு மேல இருக்குன்னு உங்க ஆளுங்க இப்பவே மனு கொடுத்துட்டாங்க. அதனால நிமிஷத்துக்கு ஒருதரம் ரெண்டும் இடம் மாறும்."

"எங்க ஆளுங்களா? நான் கேக்கலியே."

"நீங்க கேக்க வேண்டியதில்ல, உங்க சார்பா கேட்டுட்டாங்க. அப்புறம், ஜெர்மனும் நம்ம ஆட்சிமொழி. அதுக்கும் ஒரு வரி."

"எங்க தியேட்டருக்கு ஜெர்மன் பேசற யாரும் வந்ததில்லையே ஐயா."

"வரி இல்லாததாலதான் வரலன்னு அவங்க எழுதியிருக்காங்க," என்று ரென்கின் ஒரு கோப்பைத் தட்டினார்.

எழுந்திருக்கும்போது மறுபடி கேட்டேன். "பின்லாந்துக்காரங்களுக்கு ஒரு போன் போட்டு அந்த வசனத்தக் கேட்டுட்டா?"

ரென்கின் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பின்னிஷ் நம்ம நாட்டு ஆட்சிமொழி இல்ல. அந்த மொழியில சொல்லப்பட்டத அதிகாரபூர்வமா கேட்டுத் தெரிஞ்சுக்க இந்த அலுவலகத்துக்கு அதிகாரம் கிடையாது. மொழிக்கு ஒரு குழு போட்டிருக்கோம். உதட்டசைவையும் சூழ்நிலையையும் வெச்சு அவங்களே தீர்மானிப்பாங்க. ஒரு குழு எழுதறது இன்னொரு குழுவுக்குத் தெரியக் கூடாது. செல்வாக்கு வந்துடும் பாருங்க."

அடுத்த மாதம் பட்டை வந்தது. மூன்று மொழிக்கும் மூன்று வரி, வரிகளுக்கிடையே சம இடைவெளி, முதியோர் வசதிக்காகப் பெரிய எழுத்து. பட்டை நடிகர்களின் கழுத்துவரை ஏறியது. எல்டோராவின் முதலாளி ராவுல் தலையில் கைவைத்துக்கொண்டு ரென்கினிடம் போய் நின்றார். ராவுலும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. அன்று கூடவே என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

"ஐயா, பாதிப் படம் மறையுது."

"தலை தெரியுதா?"

"தெரியுது."

"முகபாவம் தலையிலதானே இருக்கு?"

"நடனப் படம் வந்தா என்ன பண்றது?"

"நடனத்துல வசனம் குறைவு. பட்டையில 'நடனமாடுகிறார்கள்'னு மூணு மொழியிலயும் போட்டுடுவோம்," என்றார் ரென்கின்.

வெளியே வந்ததும் ராவுல் என் சட்டைக் காலரைப் பிடித்தார். "யோவ் ஃபிர்மின், படம் நல்லாருக்குன்னு எழுதிட்டு நிறுத்தியிருக்கலாம்ல? குறை எழுதலன்னா உனக்குச் சோறு இறங்காதா?"

கூட்டம் குறையும் என்று அவர் பயந்தார். நடந்தது வேறு. நகர மையத்திலிருந்து மெல்லிய தாடியும் தடித்த சட்டக் கண்ணாடியும் வைத்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கறுப்புப் பட்டை துணிச்சலான முயற்சி என்று பத்திரிகைகள் எழுதின. "படிமத்தை மறுக்கும் படம்" என்று ஒருவர் இரண்டு பக்கம் எழுதினார். மூன்று பெரிய தியேட்டர்கள் கட்டாயம் இல்லாமலே பட்டையை ஏற்றின. இருட்டில் எடுத்த படங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. அவற்றில் பட்டைதான் வெளிச்சமான பகுதி. என் நிறைகுறைப் பத்தியிலும் அதை நேர்மையாகப் பதிவு செய்தேன்: "நிறை: எழுத்துகள் அருமை. குறை: சில இடங்களில் பின்னால் படம் ஓடுகிறது."

அத்தோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வரிகள் இடம் மாறுவதால் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் சிரிப்பது அதிகமாகி, பக்கத்து இருக்கைக்காரருக்கு இடையூறு என்று நான்கு புகார்கள் போயிருந்தன. உடனே உத்தரவு வந்தது. பிரெஞ்சு வாசகர்கள் இடப்பக்கம், பிளமிஷ் வாசகர்கள் வலப்பக்கம், ஜெர்மன் வாசகர்களுக்கு நடுவில் இரண்டு வரிசை காலி.

அந்தப் புதன்கிழமை எட்டாம் எண் இருக்கையில் ஒரு குடை மட்டும் இருந்தது, அதுவும் வேறு யாருடையதோ. கிஸ்லேன் இடப்பக்கக் கோடியில் சுவரோரம் இருந்தார். அவருடைய சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் இருந்தேன். வாழ்க்கையில் இவ்வளவு மோசமான படம் நான் பார்த்ததில்லை. அது நல்ல படம் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள்.

வாசலில் கிஸ்லேனிடம் போனேன். கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க பேனாவாலதான் இவ்வளவும் வந்துது ஃபிர்மின்."

"உங்களுக்காகத்தான் எழுதினேன்."

"எனக்காகவா? அப்போ அந்த மனுஷன் என்ன சொன்னாருன்னு தெரிஞ்சுதா?"

"குழு பரிசீலனையில இருக்கு."

அவர் டிராமில் ஏறிப் போய்விட்டார்.

ஐந்து மாதம் கழித்துக் குழுக்கள் பணியை முடித்தன. திருத்தப்பட்ட பின்லாந்துப் படம் எல்டோராவில் சிறப்புக் காட்சியாகத் திரையிடப்பட்டது. ரென்கின் நாடா வெட்டினார், ஒரே நேரத்தில் இரண்டு கத்தரிக்கோல்களால். ஊரே வந்திருந்தது. கடைசிக் காட்சி வந்தது. பட்டைக்கு மேலே பனி தள்ளுபவரின் நெற்றி தெரிந்தது. எழுத்துகள் வந்தன. இடப்பக்கம் முழுக்க விசும்பியது. வலப்பக்கம் நாங்கள் தலையை ஆட்டிக்கொண்டோம்.

தியேட்டருக்கு எதிரே உருளைக்கிழங்கு பொரிக்கும் வண்டி நிற்கும். கிஸ்லேன் அங்கே கையில் பொட்டலத்தோடு நின்றிருந்தார், கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவராகவே பேசினார், கோபம் தணிந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

"கேட்டீங்களா ஃபிர்மின்? 'போகாதே, என்னோடயே இருந்துடு'ன்னு சொல்லியிருக்காரு. பத்து வருஷம் கழிச்சு."

"எப்போ சொன்னாரு?"

"கடைசில. நீங்க என்ன படிச்சீங்க?"

"'ரோடு வழுக்கும், பாத்துப் போ'ன்னு."

கிஸ்லேன் வாயருகே கொண்டுபோன உருளைக்கிழங்கைத் திரும்பப் பொட்டலத்தில் போட்டார். "நீங்க பாத்த படத்துல அவரு இப்படி ஒரு ஆளா?"

"நல்ல ஆளுதாங்க. அக்கறையாத்தான் சொல்றாரு."

அப்போது ராவுல் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார், பின்னாலேயே ரென்கின். ராவுல் பொறுமை இழந்து, எந்த அதிகாரமும் இல்லாமல், தானாகவே பின்லாந்துப் படக்கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் அன்று மதியம் வந்திருந்தது. வண்டி வெளிச்சத்தில் உரக்கப் படித்தார்.

"'அந்தக் காட்சியில் வசனம் கிடையாது, ஆகவே நாங்கள் அனுப்பிய பிரதியில் அந்த இடத்தில் எந்த எழுத்தும் இல்லை. படப்பிடிப்பு அன்று இருபத்தெட்டு டிகிரி குளிர். நடிகர் தொண்டையைச் செருமினார். நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டோம்.'"

வண்டிக்காரர் இன்னொரு கைப்பிடி உருளைக்கிழங்கை எண்ணெயில் போட்டார்.

"அப்போ அந்த வரிகள எடுத்துடலாம்ல?" என்றார் ராவுல்.

"ஒப்புதல் ஆன வசனம், எடுக்க முடியாது," என்றார் ரென்கின். "மூணு குழு எழுதின வசனத்த நடிகர் பேசலன்னா அது நடிகரோட குறை. திரும்ப நடிச்சு அனுப்பச் சொல்லி எழுதறேன்." மயோனைஸ் ஊற்றிய ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு போனார். ராவுல் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தியேட்டருக்குள் போனார்.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். கிஸ்லேன் பொட்டலத்தை மடித்து மூடினார்.

"வெறும் செருமல்தானா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"ஏன் ஃபிர்மின், நாலு வருஷமா வெளக்கு அணைக்கிறப்பல்லாம் நீங்களும் செருமுவீங்களே. ஒவ்வொரு புதன்கிழமையும். அதுல என்ன வசனம்?"

இதுதான் சமயம், விளம்பரமும் இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தொண்டையைச் செருமினேன். அவர் காத்திருந்தார். எண்பத்தொன்றாம் எண் டிராம் வந்து நின்றது.

"ரோடு வழுக்கும், பாத்துப் போங்க," என்றேன்.

கிஸ்லேன் என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். மழைகூட இல்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பேச வராதவனுக்கு எழுத வரும். அடுத்த மாதப் பத்தியில் படம் எதையும் பற்றி எழுதவில்லை. இப்படி மட்டும் எழுதினேன்: "ஆறாம் வரிசை, ஏழாம் எண், எட்டாம் எண். நிறை: நான்கு வருஷமாக நல்ல துணை. குறை: கடைசி வசனம் தெளிவாகச் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டியவர் நான். சம்பந்தப்பட்டவர் கவனிக்கவும்."

எட்டாம் நாள் பதில் வந்தது. கிஸ்லேன் கையெழுத்தாக இருக்கும் என்று உறையை அவசரமாகப் பிரித்தேன். மூன்று மொழிகளில், சம இடைவெளியில், அச்சடித்திருந்தது.

"தங்கள் குறை பதிவு செய்யப்பட்டது. மேற்படி வசனத்தைத் தீர்மானிக்க மொழிக்கு ஒரு குழு அமைக்கப்படுகிறது. முடிவு வரும்வரை சம்பந்தப்பட்ட இருவரும் அவரவர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."