மலை பச்சைப் பசேலென்று இருக்கிறது, கேப்டன்

சலாதிகா,
ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய என் பெரியப்பா பாக்டே அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் அப்பாவும் நலம். புதிதாக வந்திருக்கும் வாத்தும் நலம். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஸெமாராங்கில் நீங்களும் பெரியம்மா பூடேயும் நலமாக இருக்கவும், உங்கள் டைல்ஸ் கடையில் வியாபாரம் செழிக்கவும் துஆ செய்கிறேன். விஷயத்துக்கு வருமுன் வானிலை பற்றி இரண்டு வரி எழுதுவது மரியாதை என்று எங்கள் மொழியாசிரியை சொல்லியிருக்கிறார். காலையில் மெர்பாபு மலை தெளிவாகத் தெரிகிறது. மத்தியானத்துக்கு மேல் தெரிவதில்லை. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் போன் எப்போதும் இஸ்திரி மேஜை மேல் சார்ஜில் கிடக்கும். இஸ்திரி மேஜைக்குப் பின்னால் எப்போதும் அப்பா நிற்பார். இது அப்பாவுக்குத் தெரியக் கூடாத விஷயம்.

உங்கள் தம்பி விமானம் ஓட்டி மூன்று வருடம் ஆகப் போகிறது. அவர் துணை விமானியாக இருந்த சின்னக் கம்பெனி மூடிய பிறகு, அம்மாவின் லாண்டரியில் இஸ்திரி போடுகிறார், பைக்கில் துணி கொண்டுபோய்க் கொடுக்கிறார். சட்டைக் கையில் அவர் போடும் மடிப்பைப் பார்த்து பேங்க் மேனேஜர்கூட எங்கள் லாண்டரிக்கு மாறிவிட்டார். ஆனால் வெள்ளைச் சட்டை எதையாவது இஸ்திரி போடும்போது அதன் தோள்பட்டையில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நிற்பார். அங்கேதான் விமானிகளுக்குத் தங்கப் பட்டை குத்துவார்கள். பெருநாளன்று நீங்கள் அவரிடம், "செப்டம்பர் ஒண்ணாந் தேதியிலேருந்து நம்ம கடைக்கு வந்துடேன்" என்று சொன்னீர்கள். அவர் "சரிங்கண்ணா" என்றார். அவர் சரி என்று சொன்னதால் அவருக்கு அதில் விருப்பம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பாக்டே, அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வார். எங்கள் கஷ்டமே அதுதான்.

இந்த வருட ஆரம்பத்தில் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. எழுத்துத் தேர்வு, உடல் பரிசோதனை எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் அப்பாவை சிமுலேட்டரில் உட்கார வைத்தார்கள். அது தரையிலேயே நிற்கும் பொய் விமானம், உள்ளே எல்லாம் நிஜம் போலவே இருக்குமாம். தேர்வு நடத்துபவர் கேப்டனாக இடப்பக்கம், அப்பா வலப்பக்கம். கேப்டன் வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்வார். பக்கத்தில் இருப்பவர் அதைத் தடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். அவர் மலையை நோக்கி விமானத்தை இறக்கிக்கொண்டே போயிருக்கிறார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேப்டன், அந்த மலை பச்சைப் பசேல்னு இருக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். கேப்டன் "ஆமா" என்றார். "மலை ஏற நிறையப் பேர் வருவாங்க போல" என்றார் அப்பா. கேப்டன் விமானத்தை இன்னும் கீழே இறக்கினார். "மரமெல்லாம் ஒண்ணொண்ணாத் தனியாத் தெரியுதுங்க" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் திரை சிவப்பாகிவிட்டது.

இதில் என்ன தப்பு என்று உங்களுக்குத் தோன்றலாம். நாம் எல்லோரும் இப்படித்தான் பேசுவோம். பெரியவர்களிடம் வேறு எப்படிச் சொல்வது? ஆனால் அந்தக் கம்பெனி அப்பாவை எடுக்கவில்லை. அப்பாவின் பழைய நண்பர் கேப்டன் ருமெங்கான் மனாடோக்காரர், முகத்துக்கு நேராகத்தான் பேசுவார். அவர் வீட்டுக்கு வந்து, "வினார்கோ, உன்னை மாதிரி விமானத்தைப் பூப்போல இறக்கறவன் கிடையாது. ஆனா கேப்டன் மலையில முட்டப் போறப்போ இயற்கைக் காட்சி சொல்றவனை எவன் பக்கத்துல உக்கார வெப்பான்?" என்று கேட்டார். அப்பா "சரிங்க" என்றார். அம்மா துணி மடித்துக்கொண்டே, "உசுரு போனாலும் மரியாதை போகாதுன்னு அப்ளிகேஷன்லயே எழுதியிருக்கலாம், மஸ்" என்றார்.

இப்போது இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. மூன்று வருடம் பறக்காதவரை இனிமேல் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று கேப்டன் ருமெங்கான் சொல்கிறார். விண்ணப்பத்தில் 'உங்கள் பலம்' என்ற இடத்தை அப்பா காலியாக விட்டுவிட்டு 'உங்கள் பலவீனம்' என்ற இடத்தில் எழுத இடம் போதாமல் தனித்தாள் இணைக்கலாமா என்று கேட்டார். அதை நான்தான் எழுதி முடித்தேன். மருத்துவப் பரிசோதனையில் எக்ஸ்ரே எடுப்பவர் "மூச்சை அடக்குங்க" என்று சொல்லிவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று வெளியே போய்விட்டார். அவர் திரும்பி வந்து பார்த்தபோது அப்பாவின் முகம் நீலமாக இருந்ததாம். "விட்டிருக்கலாமே சார்" என்றாராம் அவர். "நீங்க விடச் சொல்லலீங்களே" என்றாராம் அப்பா. குழு விவாதத்தில், கடலில் தத்தளிக்கும் படகில் எந்தப் பொருளை வைத்துக்கொள்வது என்று ஆறு பேர் சண்டை போட்டார்கள். அப்பா ஆறு பேர் சொன்னதையும் சரி என்று சொன்னார். முடிந்ததும் ஆறு பேரும் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சிமுலேட்டரில் இந்தத் தடவை கேப்டனாக உட்கார்ந்தவர் தப்பே செய்யவில்லை. எப்படியோ கடைசிப் படிக்கு வந்துவிட்டோம். வருகிற திங்கட்கிழமை தாங்கெராங்கில் நேர்முகத் தேர்வு. அதில் நிச்சயம் ஒரு கேள்வி வருமாம்: "உங்களைவிடப் பெரியவரை எதிர்த்து நீங்கள் பேசிய ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்." அப்பாவிடம் அப்படி ஒரு சந்தர்ப்பம் கிடையாது. முப்பத்தெட்டு வயதில் ஒன்றுகூடக் கிடையாது. இட்டுக்கட்டிச் சொல்லவும் அவருக்கு வராது.

பள்ளி நூலகத்தில் விமான விபத்துகளைப் பற்றிய புத்தகம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நானே பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன். இஸ்திரி மேஜைக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நான் கேப்டனாக உட்கார்ந்து, பக்கத்து வீட்டு பாக் திர்தோவின் மீன் குளத்தில் விமானத்தை இறக்கப் போவதாக அறிவித்தேன். அப்பா வெளியே எட்டிப் பார்த்து, "மீனெல்லாம் நல்லாக் கொழுத்திருக்குங்க, கேப்டன்" என்றார். "அப்பா, நான் எட்டாம் வகுப்பு. என்னைக்கூட எதிர்க்க முடியலையா?" என்று கேட்டேன். "நீதான் கேப்டன்னு சொல்லிட்டியேம்மா" என்றார். குளத்தில் நான்கு முறை விழுந்தோம்.

பிறகு அம்மா, வீட்டுக்குள் பழகினால் ஆகாது, வெளியே அனுப்பு என்றார். பாக் திர்தோ லாம்புங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறவர், தன் வாத்தை யாரிடம் விடுவது என்று தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் முடியாது என்று சொன்ன விஷயம், அப்பாவும் முடியாது என்று சொல்வது ரொம்பச் சுலபம் என்று நினைத்து அப்பாவை அங்கே அனுப்பினோம். அரை மணி நேரம் கழித்து வாத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். அது சாதாரண வாத்து இல்லை பாக்டே, என் இடுப்பு உயரம், வெள்ளையாக இருக்கும், கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வந்து கொத்தும். பேங்க் மேனேஜர் இப்போது துணியை வேலிக்கு மேலே எறிந்துவிட்டுப் போகிறார். அடுத்து தெருத் தலைவர் பதினேழாம் தேதி சுதந்திர தின விழாவுக்கு ஆள் தேடிக்கொண்டு வந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டே "சரிங்க" என்றார். இப்போது அவர் கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கை படாமல் கடிக்கும் போட்டிக்கு நடுவர். போன வருடம் அந்தப் போட்டியில் இரண்டு குடும்பங்களுக்கிடையே பேச்சுவார்த்தை நின்றுபோனதால் யாருமே ஒத்துக்கொள்ளாத வேலை அது.

நேற்று அம்மாவே கடைசியாக ஒன்று முயன்று பார்த்தார். அப்பாவின் கறுப்பு விமானிப் பெட்டி அலமாரி மேலே இருக்கிறது. வாரா வாரம் அப்பா அதைத் துடைத்து வைப்பார். அம்மா, "மஸ், அந்தப் பெட்டி சும்மாதானே இடத்தை அடைக்குது, யாருக்காவது குடுத்துடலாமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, வேண்டாம் என்ற ஒரு வார்த்தைக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பெட்டியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "சரி, யாருக்கு உபயோகப்படும்னு விசாரிக்கறேன்" என்றார். அம்மா துவைத்துக் காய்ந்த துணியை எடுத்து மறுபடியும் மெஷினில் போட்டு ஓட விட்டார். எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது பாக்டே. வீட்டுப்பாடம் எதுவும் எழுதவில்லை.

ஆகவே உங்களிடம் ஓர் உதவி. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து, செப்டம்பர்வரை காத்திருக்க முடியாது, நாளைக் காலையே கடைக்கு வந்து நில் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மறுநாள் நேர்முகத் தேர்வு. அவர் முடியாது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சொந்த அண்ணனையே எதிர்த்தேன் என்று அங்கே போய்ச் சொல்ல நிஜமான ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிடும். ஒருவேளை அதற்கும் சரிங்க என்று சொல்லிவிட்டால், தயவுசெய்து உடனே, சும்மா சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் திங்கட்கிழமை காலை உங்கள் கடை வாசலில் நிற்பார்.

நீங்களும் பூடேயும் நீண்ட ஆயுளோடும் குறைவில்லாத உடல்நலத்தோடும் வாழ அல்லாஹ் அருள் புரியட்டும். என் எழுத்தில் பணிவுக் குறைவு ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களின் கைகளை நெற்றியில் ஒற்றிக்கொள்ளும்,

உங்கள் தம்பி மகள்,
வெனிங்

பி.கு.: புதன்கிழமை. பாக்டே, மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். சனிக்கிழமை இந்தக் கடிதத்தை வாங்கிப் போக வந்த ஸெமாராங் வேன் டிரைவர், வாசலில் வாத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமலே போய்விட்டார். நீங்கள் போன் செய்யவில்லை. அப்பா ஒரு சந்தர்ப்பமும் இல்லாமல்தான் தாங்கெராங் போனார். அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அப்பா, "அப்படி எதுவும் நடக்கலீங்க, நடந்ததாச் சொல்லவும் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டாராம். நடுவில் இருந்த பெண் கேப்டன் கோப்பை மூடிவிட்டு, மரியாதைக்காக, "சரி, எடுத்தா பதினஞ்சாந் தேதி பயிற்சி ஆரம்பம், வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டாராம். அப்பா, "முடியாதுங்க" என்றாராம். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். "பதினேழாந் தேதி எங்க தெருவுல அப்பளப் போட்டிங்க. நான் நடுவர். ஒத்துக்கிட்டேன். பதினெட்டுக் காலையில வரேங்க." "எல்லாரும் பதினஞ்சுக்கு வராங்க. நீங்க மட்டும் அப்பளத்துக்காக வர மாட்டீங்களா?" "முடியாதுங்க." "இதுக்காக வேலையே போகலாம், தெரியுமில்ல?" "தெரியுதுங்க. இருந்தாலும் முடியாதுங்க." அந்த அம்மா மூடிய கோப்பை மறுபடியும் திறந்து ஏதோ எழுதினாராம். நேற்று போன் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டாம் தேதி வந்தால் போதுமாம்.

நானும் அம்மாவும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். முடியாதுன்னுதான் சொல்லணும் போல" என்றார். ஏன் என்று கேட்டால், "செப்டம்பர் ஒண்ணுலேருந்து அண்ணன் கடைக்கு வரேன்னு ஒத்துக்கிட்டேனே" என்கிறார். அம்மா அழுக்குத் துணிக் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஊருக்கெல்லாம் சரின்னு சொன்னதைக் காப்பாத்தத்தான் இந்த மனுஷனுக்கு முடியாதுங்கற வார்த்தையே வருது" என்றார். அண்ணனிடம் வரவில்லை என்று சொல்லலாமே என்று கேட்டதற்கு, "அண்ணன்கிட்டயா?" என்று அப்பா திருப்பிக் கேட்ட விதத்தில் நான் பேச்சை விட்டுவிட்டேன்.

ஆகவே, பாக்டே, இப்போது 'முடியாது' என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கடையில் இருக்கிறவர்களுக்கே உட்கார இடமில்லை, மனசு கேட்காமல் கூப்பிட்டுவிட்டு எப்படித் தவிர்ப்பது என்று தெரியாமல் நீங்கள் தவிக்கிறீர்கள் என்று பூடே அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. சனிக்கிழமைக்குள் அப்பாவுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்களும் இந்தக் குடும்பத்தில் பிறந்தவர், வாயில் வராது என்று எனக்குத் தெரியும். வராவிட்டால், கடையில் டைல்ஸ் கூரைவரைக்கும் அடுக்கியிருக்கிறது, பார்க்க ரொம்ப அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அப்பாவுக்குப் புரிந்துவிடும். கேப்டன்களுக்குத்தான் புரியாது.