தாரில் அமர்ந்த மாப்பிள்ளை

எனக்குக் கைவேலை வராது. இதை நான் ஒப்புக்கொள்வதற்குள் இருபத்தாறு வயதாகிவிட்டது. ஒரு டின் மண்ணெண்ணெயும் தீர்ந்துவிட்டது. ஆபீசில் டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றக்கூடப் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிடுகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு வீட்டுத் தரையையே பெயர்த்தெடுக்கக் கிளம்பினேன் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். எனக்கு மகள் பிறந்திருந்தாள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. பம்பாயில், செம்பூரில் முதல் மாடியில் ஒரு அறையும் சமையலறையும் எங்கள் வீடு. அந்த அறையின் தரையில் சாக்லேட் நிறத்தில் சதுரம் சதுரமாக டைல்ஸ் ஒட்டியிருந்தது. வாடகைக்கு வந்த அன்றே வீட்டுக்காரர் காலால் தட்டிக் காட்டிச் சொன்னார்: "ஆஸ்பெஸ்டாஸ் டைல்ஸ், சாப்! நெருப்பு வெச்சாலும் எரியாது!" (தரையில் யார் நெருப்பு வைக்கப்போகிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.) நெருப்பில் எப்படியோ, நடந்தால் தாங்கவில்லை. ஓரங்கள் பொரித்த அப்பளம் மாதிரி மேலே சுருண்டுகொண்டன. பெருக்கும்போதெல்லாம் பொடி உதிர்ந்தது.

பிரசவத்துக்குப் பாலக்காடு கிளம்பும்போது ஜெயா தரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"ஏன்னா, குழந்தை தவழ ஆரம்பிச்சா இதிலேயா விடறது? முட்டியெல்லாம் கிழிஞ்சுடாதோ?"

"நீ வரச்சே புதுத் தரையில கால் வைப்பே" என்றேன். சினிமாக் கதாநாயகன் மாதிரி சொன்னதாக எனக்கு ஞாபகம். அவள் ஞாபகம் வேறு மாதிரி.

குழந்தைக்கு ஐந்து மாதமானதும் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. மாமா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வண்டி பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் தன் குடும்பத்துக்கே அவமானம் நேர்ந்ததாக நினைக்கிறவர். 'வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை மெயிலில் தாதர் வந்து சேருகிறோம்' என்று எழுதியிருந்தார். கடிதம் என் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. 'இந்த ஞாயிறு' என்று எழுதவில்லையே, 'வருகிற ஞாயிறு' என்றால் அதற்கடுத்ததுதானே என்று நானாக ஒரு இலக்கணம் வகுத்துக்கொண்டேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது!

மிஸ்திரியைப் பார்த்தேன். ஷாஹாபாத் கல் பதித்துத் தருவதாகச் சொன்னார். "பழசைப் பேர்த்து வெச்சிடுங்க, புதன்கிழமை வந்து போட்டுடறேன்." பேர்ப்பதுதானே, அதற்கு எதற்கு ஆள் என்று தோன்றியது. சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். மத்தியானம் தேங்காய் உடைக்கிற கத்தியையும் ஒரு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாலு டைல்தான் உடைத்திருப்பேன். அறை முழுக்கத் தூசி மண்டலம். பொடி பால்கனி வழியாக இறங்கி, கீழ்வீட்டு சாவித்ரிபாய் காயப்போட்டிருந்த மிளகாய்மேல் படிந்தது.

சாவித்ரிபாய் முனிசிபல் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. மராட்டிக்காரி. மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றார். இருபத்தைந்து வருஷம் சாக்பீஸ் தூளை விழுங்கி அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. தூசி என்றால் ஜன்ம விரோதி.

"அரே பாபா, சூக்கா மத் தோடோ! பெஹலே பானி டாலோ!" (காய்ந்ததை உடைக்காதே, முதலில் தண்ணீரை ஊற்று!) என்று கத்தியவர், என் பதிலுக்குக் காத்திராமல் பாத்ரூமிலிருந்து வாளியைத் தூக்கிவந்து தரையெல்லாம் கொட்டினார். கொடியில் தொங்கிய துண்டை நனைத்து என் மூக்கின்மேல் கட்டினார். தன் முந்தானையையும் நனைத்துக் கட்டிக்கொண்டார். இரண்டு கொள்ளைக்காரர்கள் மாதிரி உட்கார்ந்து, ஈரமான டைல்களை முழுசு முழுசாக நெம்பி எடுத்துச் சாக்கில் போட்டோம். இருட்டுவதற்குள் முடிந்தது. என் வீட்டில் வந்து என்னையே அதட்டுகிறாளே என்று எனக்குள் ஒரே கோபம். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

(இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். பல வருஷம் கழித்து, என் மகள் டாக்டருக்குப் படித்த பிறகு, ஒருநாள் இந்தக் கதையைக் கேட்டு முகம் வெளுத்துப்போனாள். "அப்பா, ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு விஷம். நனைக்காம அதைத் தொடவே கூடாது" என்றாள். மறுநாளே இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தாள். ஒன்றுமில்லை என்று வந்தது. அன்று ராத்திரி சாவித்ரிபாயை நினைத்துக்கொண்டேன். அவர் காலமாகி வெகுநாளாகியிருந்தது. அந்த நன்றியை இப்போது இங்கே எழுதி வைக்கிறேன். வேறு எங்கே போய்ச் சொல்ல?)

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அடுத்த சங்கடம் கண்ணில் பட்டது. டைல்ஸை ஒட்டியிருந்த தார். கறுப்பாக, தரை முழுக்க. கத்தியால் சுரண்டினால் கத்தி ஒட்டிக்கொண்டது. தார் மண்ணெண்ணெயில் கரையும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். சமையலறையிலிருந்த டின்னைக் கொண்டுவந்து மொத்தமாகக் கவிழ்த்தேன்.

கரைந்தது. மிக நன்றாகக் கரைந்தது. அரை மணி நேரத்தில் அறை முழுக்கக் கறுப்புப் பாயசம். எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று உள்ளே நாலடி வைத்தேன். ஒரு செருப்பு நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. அதை எடுக்கக் குனிந்தேன், மறு கால் வழுக்கியது, நட்டநடுவில் சப்பென்று உட்கார்ந்தேன். பதறாமல் யோசிக்கலாம் என்று கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அது தப்பு. மண்ணெண்ணெய் காயக் காயத் தார் இறுகுகிறது என்பது எனக்குத் தெரியாது. என் வேஷ்டிக்குத் தெரிந்திருந்தது.

கீழே டாக்ஸி நிற்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு குழந்தையின் அழுகை. யார் வீட்டுக்கோ விருந்தாளி என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. கையில் டிரங்குப் பெட்டியோடு மாமா. பின்னால் ஜெயா. அவள் தோளில் நான் இதுவரை பார்த்திராத என் மகள்.

மாமனார் வந்தால் எழுந்து நிற்கவேண்டும் அல்லவா? முயன்றேன். நான் எழுந்தேன், வேஷ்டி எழவில்லை. மரியாதையா மானமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன்.

"வாங்கோ மாமா" என்றேன், தாரில் இருந்தபடியே. "நீங்க அடுத்த ஞாயிறுன்னா..."

"எழுந்துக்க வேண்டாம், மாப்பிள்ளை" என்றார் மாமா. அவருடைய குரலில் ஒன்றுமே தெரியவில்லை.

ஜெயாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "ஏன்னா, இதுவா புதுத் தரை?" என்றாள். அதற்குள் சாவித்ரிபாய் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தேவா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு ஜெயாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

மாமாவும் நானும் தனியாக. அவர் சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டிமேல் வைத்தார். வேஷ்டியைத் தூக்கிக் கட்டினார். கீழே போய், எதிரில் கட்டிக்கொண்டிருந்த வீட்டு மணலில் இரண்டு வாளி கொண்டுவந்து தூவி, என்னிடம் வர வழி பண்ணிக்கொண்டார். ரயில்வேயில் எண்ணெய் சிந்தினால் அப்படித்தானாம். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு தகரக் குப்பியை எடுத்தார். பாலக்காட்டில் ஆட்டிய தேங்காயெண்ணெய். குழந்தைக்குத் தேய்க்கக் கொண்டுவந்தது.

என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என் கணுக்காலில் எண்ணெயைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் கூசிப்போய்க் காலை இழுத்தேன். இழுத்தால் வந்தால்தானே.

"மாமா, நீங்க போய் என் காலை..."

"சும்மா இருங்கோ. இல்லாட்டா மிஸ்திரி உங்க மேலேயே கல்லைப் போட்டுடுவான்."

இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டார். பிறகு, தலை நிமிராமலே சொன்னார்:

"தாதர்ல ஒரு மணி நேரம் நின்னோம், கேட்டேளா. ஒவ்வொரு முகமாப் பார்த்துண்டு. ஜெயா ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் மனசு கெட்டுப்போச்சு. பெண் குழந்தை பொறந்ததுல இவனுக்கு இஷ்டம் இல்லையோ, அதான் வரலையோன்னு. டாக்ஸியில வரச்சே பூரா மனசுக்குள்ள உங்களைத் திட்டிண்டே வந்தேன்."

நான் காலை இழுப்பதை நிறுத்தினேன். "நான் அவள் தவழறதுக்காகத்தான் மாமா..."

"அதான் பார்த்தேனே" என்றார். "போறும். அந்தக் காலைக் குடுங்கோ."

வேஷ்டியைக் கடைசியில் தரைக்கே தானம் செய்தோம். மாமா தன்னுடைய மாற்று வேஷ்டியைக் கொடுத்தார். புதன்கிழமை வரை இரண்டு பேரும் சேர்ந்து தாரைச் சுரண்டினோம். ஜெயாவும் குழந்தையும் சாவித்ரிபாய் வீட்டிலேயே இருந்தார்கள். மிஸ்திரி சொன்னபடி வந்து கல் பதித்தார். அடுத்த மாதமே என் மகள் அதில் தவழ்ந்தாள். ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

மாமா ஊருக்குத் திரும்பி இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தார் கணுக்கால் அளவு. அடுத்த கல்யாணத்தில் முழங்கால். யாரோ ஒருவருடைய சஷ்டியப்தபூர்த்தியில் இடுப்பு. நானும் விடாமல், "கணுக்கால்தான் மாமா" என்று திருத்திக்கொண்டே இருந்தேன். பல வருஷம் எங்கள் இருவருக்கும் இதே வழக்கு.

என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது மாமாவுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. குரல் மெலிந்துவிட்டது. மாப்பிள்ளைப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "கழுத்து வரைக்கும் தார், கேட்டேளா. தலை மட்டும்தான் வெளியில தெரியறது" என்றார். சொல்லிவிட்டு, வழக்கம்போல நான் திருத்துவதற்காக என்னைப் பார்த்தார்.

"மூக்கு வரைக்கும்" என்றேன் நான். "மாமா மரியாதைக்காகக் குறைச்சுச் சொல்றார்."

இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார் மாமா. என் கையைப் பிடித்தவர், சிரிப்பு நின்ற பிறகும் விடவில்லை.

இப்போது என் பேரன் இந்தக் கதையைச் சொல்கிறான். அவன் கதையில் நான் முழுவதுமாக மூழ்கிவிடுகிறேன். கொள்ளுத்தாத்தா வந்து என் குடுமியைப் பிடித்து மேலே தூக்குகிறார். எனக்கு எந்தக் காலத்திலும் குடுமி இருந்ததில்லை. நான் திருத்துவதில்லை.