ருமானாவின் சீட் பச்சையாக மாட்டேன் என்கிறது

பழவேற்காடு

அன்புள்ள மச்சான் முகம்மது ரியாஸ் அவர்களுக்கு, கௌஸ் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கை அக்தர் பேகமும் மகள் ருமானாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். உங்கள் வீட்டார் நலத்துக்கும் துஆ செய்கிறோம். போனில் பேசினால் ருமானா காதில் விழுந்துவிடும் என்பதால், உங்கள் பக்கம் இறால் ஏற்றிவரும் இர்ஃபான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

விஷயம் இதுதான். வண்டி சீட் செய்யும் கம்பெனியில் சொல்லிவைத்து அவளைச் சேர்த்துவிட்டீர்களே, அந்த வேலைக்கு ஆபத்து வந்திருக்கிறது. லீவுக்கு வந்த பிள்ளை லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் ஓட்டுகிற மாதிரி ஒரு பள்ளிக்கூட வேனுக்கு அதில் சீட் வரைந்து வைத்திருக்கிறாள். சீட்டை இன்னும் செய்யவே இல்லை, ஆனால் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆளை உட்காரவைத்து, சடன் பிரேக் போட்டால் பெல்ட் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவும் இழுத்துப் பார்க்கிறாள். தாங்குகிற இடம் நீலமும் பச்சையுமாக இருக்கிறது, தாங்காத இடம் சிவந்துவிடுகிறது. சீட்டின் கால் தரையோடு சேரும் மூலையில் கொசு கடித்த அளவுக்கு ஒரு சிவப்பு. அதற்காக இவள் "தாங்கும்" என்று எழுதிக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். மேனேஜரோ, இழுக்கிற இழுப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடு, தானாகப் பச்சையாகிவிடும், திங்கட்கிழமை அந்த ரிப்போர்ட்டோடு வா, இல்லாவிட்டால் வரவே வராதே என்று சொல்லிவிட்டாராம்.

உங்கள் தங்கை எட்டிப் பார்த்தாள். திரையில் சீட் வளைந்து நெளிந்து கிடந்தது. "அய்யோ, இதுல குந்துனா புள்ளைங்க கதி இன்னா ஆவுறது?" என்று அலறினாள். "கண்ணுக்குத் தெரியணும்னு வளைவ பல மடங்கு பெருசாக்கிக் காட்டுதும்மா, நெசத்துல முடியளவுதான்" என்று ருமானா சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. பிள்ளைக்குக் கண்பட்டுவிட்டது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்த் தண்ணீர் ஓதி வாங்கிவந்தாள். பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கச் சொல்லித்தான் அவர் ஓதிக் கொடுத்தார். இவள், பிள்ளை குளிக்கப் போன நேரம் பார்த்து, சிவப்பு எங்கே இருந்ததோ சரியாக அங்கே தெளித்துவிட்டாள். திரை பொட்டென்று இருண்டது. "பாருங்க, செவப்பு போச்சு!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள், மச்சான்.

ருமானா திட்டவும் இல்லை, அழவும் இல்லை. ஈரத் தலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. லேப்டாப்பைத் துணியில் சுற்றி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு எடுத்துப்போய், அங்காளம்மாள் நெத்திலி காயவைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். "காக்கா இத தூக்காது பாய், ஆனா எச்சம் போட்டுட்டா என்னை கேக்கக்கூடாது" என்று அவள் குச்சியோடு காவல் இருந்தாள். அன்று சாயங்காலம் அதற்கு உயிர் வந்தது. சீட் வந்தது, சிவப்பும் அதே மூலையில் வந்தது, கூடவே நெத்திலி வாசமும் வந்தது. "எங்க மேனேஜர் இத மோந்து பாத்தே வேலைய விட்டுத் தூக்கிடுவாரு வாப்பா" என்று ருமானா சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது, நானும் கூடச் சிரித்தேன். சிரித்து என்ன, வேலை போனால் போனதுதானே?

"கம்ப்யூட்டருக்குள்ள யாரும்மா வந்து உக்காரப் போறாங்க? ஒரே ஒரு தடவ பச்சைனு எழுதிக் குடுத்துடு" என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, அந்தச் சிவப்பை விரலால் தொட்டுக் காட்டினாள். தாய்மாமன் சொல்லை அவள் தட்டமாட்டாள். நீங்கள்தான் அவளுக்குப் புத்தி சொல்லவேண்டும், மேனேஜரிடமும் சின்னப் பிள்ளை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உங்கள் வீட்டில் பரக்கத் நிறையட்டும், பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

உங்கள் அன்புள்ள,
கௌஸ் மைதீன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை ஏற்றி வேனை எடுத்துக்கொண்டு போனேன். தோணிரேவு ரோட்டில் ஆடு ஒன்று குறுக்கே ஓடிவந்தது, பிரேக்கை அழுத்தினேன். பிள்ளைகள் மொத்தமும் முன்னால் வந்து விழுந்தார்கள். யாருக்கும் அடி இல்லை. பக்கத்துத் தெரு கோமளாவின் மகள் வித்யா, எல்.கே.ஜி. படிக்கிறவள், என் முதுகில் வந்து மோதிவிட்டு, "அங்கிள், இன்னொரு வாட்டி!" என்று கைதட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு வேனுக்குள் மண்டியிட்டு ஒவ்வொரு சீட்டின் காலையும் தடவிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் முதல் சீட்டிலிருந்து மறுபடி தடவினேன். வீட்டுக்கு வந்து, "எழுதாதம்மா" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அப்போதுதான் அழுதாள்.

ஆகவே மச்சான், அவளுக்குப் புத்தி சொல்லவேண்டாம், மேனேஜரிடமும் பேசவேண்டாம். திங்கட்கிழமை நானே அவளை வேனில் கம்பெனிக்குக் கூட்டிவருகிறேன். உள்ளே போய் "தாங்காது" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வரும்வரை கேட்டில் நிற்பேன். நீங்களும் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.