தவமணியின் பங்கு

“அரைவாசி என்ர. அதில நீங்கள் கைவைக்கேலாது,” என்றாள் தவமணி.

அவள் கணவர் தில்லையம்பலம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். “பழைய மாணவர் சங்கத்துக்கு ரெண்டாயிரம் எண்டு நேற்று மைக்கில சொல்லிப்போட்டன்.”

“ஆரைக் கேட்டுச் சொன்னீங்கள்?”

“எல்லாரும் சொல்லிச்சினம். நானும் சொன்னன்.”

வரிக்கணக்குச் செய்யும் அகஸ்ரின், “ரெண்டு பேருக்குமா வரிக்காசு ரெண்டாயிரத்து நூறு டொலர் திரும்பி வரும்” என்று போன வாரம் சொல்லியிருந்தான். அன்றைக்கே தவமணி அதில் பாதியைக் கார் பழக ஒதுக்கிவிட்டாள். கனடாவில் விட்பி நகருக்கு வந்து ஆறு வருடம். காலையில் பேக்கரி, பின்னேரம் பொதி கட்டும் வேலை. இரண்டுக்கும் போய்வர அவருடைய காரும் வேண்டும், அவருடைய நல்ல மனமும் வேண்டும்.

மறுநாள், “தலைமயிர் வெட்டப் போறன்,” என்று சொல்லி அவரையே காரில் கொண்டுபோய் இறக்கச் செய்தாள். சலூனுக்குப் பக்கத்து வங்கியில் நுழைந்து தன் பெயரில் தனிக்கணக்குத் திறந்தாள். முப்பது வருட மணவாழ்க்கையின் பழக்கத்தில், படிவத்தில் அவருடைய தொலைபேசி இலக்கத்தை எழுதிவிட்டாள்.

காரில் ஏறியதும் அவர் சொன்னார். “தலைமயிர் அப்பிடியே கிடக்கு. வங்கிதான் உமக்கு நல்வரவு எண்டு எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கு.”

“ஓம். என்ர காசு இனி அங்கதான் போகும்.”

அவர் அன்றைக்கே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: ‘இரண்டாயிரம் டொலர் – தில்லையம்பலம், தவமணி தம்பதியர்.’ இருநூறு பேர் கைகூப்பினார்கள்.

தவமணியும் அதே பள்ளிக்கூடம், அதே குழு. ‘இதில் என் பங்கு இல்லை. அவருடைய பங்கு மட்டும்,’ என்று எழுதினாள்.

கைகூப்பல் நின்றது. சங்கத் தலைவர் தவமணிக்குப் போன் எடுத்தார். “தங்கச்சி, காசு குடுத்தவையின்ர பேரைக் கல்லில வெட்டக் குடுக்கவேணும். ரெண்டு பேரும் ஒரு முடிவு சொல்லுங்கோ.”

“எழுத்திலயே தாறன் அண்ணை.”

சனிக்கிழமை அகஸ்ரினின் மேசையில் கடதாசியை விரித்தாள்: ‘அவரவர் பங்கு அவரவருக்கு. ஒருவர் மற்றவரிடம் ஒரு சதமும் கேட்கக்கூடாது.’

“உமக்கு மட்டுமே ரோசம்?” என்று தில்லையம்பலம் அழுத்திக் கையெழுத்து வைத்தார். அவளும் வைத்தாள். படம் எடுத்துக் குழுவில் போட்டாள்.

“இப்ப பிரிச்சு விடு தம்பி. என்ர பங்கு என்ர கணக்குக்கு.”

அகஸ்ரின் திரையைப் பார்த்தான், கடதாசியைப் பார்த்தான். “கையெழுத்து வைக்கமுதல் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் அன்ரி.”

“ஏன், சட்டத்துக்கு மாறோ?”

“சட்டம் சரி. நான் சொன்னது ரெண்டு பேரின்ரையும் கூட்டிக் கழிச்ச கணக்கு அன்ரி. அங்கிளுக்கு மூவாயிரம் வருது, உங்களுக்கு ரெண்டு வேலையிலயும் வரி குறையப் பிடிச்சபடியால் நீங்கள் தொள்ளாயிரம் கட்டவேணும்.”