கைப்பக்குவத் தோட்டா

மூன்றாவது தோட்டாவும் பாதி வழியில் சிக்கி நின்றபோது மகாலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வெடி முடிந்ததும் அடுத்த தோட்டாவைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டிய கைத்துப்பாக்கி, பத்துக்கு மூன்று தடவை மக்கர் பண்ணினால் என்ன செய்வது? இன்னும் மூன்று ஞாயிறுகளில் பொண்டி என்ற புறநகரில் உள்ள துப்பாக்கி சுடும் கழகத்தின் நால்வர் அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். அந்த இடத்துக்காக அவர் ஆறு வருடமாகக் காத்திருக்கிறார்.

அணித்தலைவர் லூசியன் கடைத் தோட்டாவே வாங்கிச் சுடும்படி சொன்னார். மகாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மிளகாய்த்தூளைத் தானே வறுத்து அரைத்து விற்கிற மனிதர் அவர். அடுத்தவன் அடைத்த பக்கெற்றை எதிலும் நம்பமாட்டார். வெற்றுக் கோது வாங்கி, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, குண்டு பொருத்தி, தோட்டாவையும் தன் கையாலேயே செய்துகொள்வார்.

"பிழை குண்டின்ரை மூக்கிலைதான்," என்று வீட்டில் மனைவி பூரணிக்கு விளக்கினார். "தட்டை மூக்கு. அதுதான் இடிச்சுக்கொண்டு நிக்குது. உருண்டை மூக்கெண்டால் வழுக்கிக்கொண்டு போகும்."

"ஓம், ஓம். முதல்லை சாப்பாட்டு மேசையிலை கிடக்கிற தராசை எடுங்கோ," என்றாள் பூரணி.

அடுத்த ஞாயிறு உருண்டை மூக்கில் பத்துக்கு ஐந்து சிக்கியது.

மருந்துதான் சரியில்லை என்று முடிவு கட்டினார். வேறு மருந்து வாங்கி, புத்தகம் பார்த்து நிறுத்தார். ஒவ்வொரு தோட்டாவின் நீளத்தையும் அளந்தார். அதுவும் போதாதென்று, குத்துவிளக்கு மினுக்குவதுபோல் கோதுகளைப் புளி போட்டுத் தேய்த்தார். இரண்டாம் ஞாயிறு பளபளவென்ற தோட்டாக்களில் ஏழு சிக்கின.  லூசியன் அணிப் பட்டியலில் மகாலிங்கத்தின் பெயருக்குப் பக்கத்தில், அவரைவிட மோசமாகச் சுடுகிற லூடோவிக்கின் பெயரை எழுதிக்கொண்டார். எவ்வளவைத்தான் ஒரு மனிதன் பொறுப்பது?

கடைசி ஞாயிறு, மானம் போனால் போகட்டும் என்று கடைத் தோட்டாவே வாங்கிப் போனார். முதலாவதே சிக்கியது. இரண்டாவது மேலே வரவே மாட்டேன் என்றது. லூசியன் பேனாவை எடுத்து மகாலிங்கத்தின் பெயரை வெட்டினார்.

கழகத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிற எரிக் இரக்கப்பட்டு, பிடிக்குள் இருந்த தோட்டாக் கூட்டைக் கழற்றி, உள்ளே குச்சி விட்டுச் சுரண்டினார். மஞ்சளாகக் கட்டி கட்டியாய் ஏதோ விழுந்தது. மகாலிங்கம் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். உடனே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பூரணி, இந்தக் கூட்டுக்கை என்ன செய்தனீர்?"



"வெளியிலை வைச்சால் வெள்ளையள் சிரிப்பினமெண்டு உள்ளுக்கை வைச்சனான்," என்றாள் பூரணி. "முதல் ஒரு சின்னச் சந்தனப் பொட்டுத்தான். நீங்கள் தோக்கத் தோக்க, பிள்ளையாருக்கு இவ்வளவு காணாதாக்கும் எண்டு கிழமைக்குக் கிழமை கூட்டிக்கொண்டு வந்தனான்."