நாலு கம்பிக் கிடார்

"கிடாருன்னா ஆறு கம்பில்ல இருக்கும்? மிச்சம் ரெண்டு எங்க?" என்று ஜெயக்கொடி கேட்டாள்.

சுருளி பதறவில்லை. இது பேஸ் கிடார், இதற்கு நாலுதான் என்று மனைவிக்கு விளக்கினான். துபாய்க்குக் கிளம்பிய ஒரு மெல்லிசைக் குழுக்காரனிடம் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்திருந்தான். இனி ரேஷன் கடை வேலைக்கு நடைதான். நம்மில் பலர் ஆசையை விட்டுவிட்டு சைக்கிளை வைத்துக்கொள்கிறவர்கள். சுருளி அந்த ரகம் இல்லை.

"சரி, வாசிங்க."

வாசித்தான். ஈ பறக்கிற அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை. அதற்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் பெட்டி வேண்டும். பெட்டி வாங்க இன்னொரு சைக்கிள் இல்லை.

கிடாரின் தலையை இரும்பு பீரோவில் முட்டுக்கொடுத்து மீட்டினான். சத்தம் கும்மென்று கிளம்பியது. கூடவே பீரோ மேலிருந்த எவர்சில்வர் பாத்திரமெல்லாம் இறங்கி வந்தன. ஜெயக்கொடி பீரோவைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அடுத்து சுவரில் முட்டுக்கொடுத்தான். அருமையாக அதிர்ந்தது. மதுரை திருநகரில் அவர்கள் புதிதாகக் குடிவந்திருந்த அந்த வளவில் வரிசையாக இருந்த ஐந்து வீட்டுக்கும் ஒரே நீளச் சுவர் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம். விரல் நுனி கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது. ஒரே மாதத்தில் தாளம் இம்மி பிசகாமல் நின்றது. சொல்லித்தர ஆளில்லாமல் இவ்வளவு தூரம் வந்தவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

வளவுக்காரர்கள் பாராட்டவில்லை. சுவர் அதிர்வது கிணற்று மோட்டாரால்தான் என்று வீட்டுக்காரர் மலையாண்டியிடம் புகார் போனது. அவர் மெக்கானிக்கைக் கூட்டிவந்து மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினார். இரண்டு நாள் குழாயில் தண்ணீர் இல்லை. அதிர்வு மட்டும் சாயங்காலமானால் தவறாமல் வந்தது.

மூன்றாம் நாள் சுவரில் காதை வைத்து வீடு வீடாக நடந்த மலையாண்டி, சுருளி வீட்டு வாசலில் நின்றார். அவர் பின்னால் காலிக் குடங்களோடு வளவே நின்றது.

"ஒண்ணு இது வெளிய போகணும், இல்ல நீங்க போகணும்" என்று கிடாரைக் காட்டினார். ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். சுருளி கிடாரைத் தூக்கி அவரிடம் நீட்டினான்.

அப்போது பக்கத்து வீட்டுத் தவசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எதைச் சொன்னாலும் தலையாட்டுவாரே தவிர, ஒரு வார்த்தை பேசாத பெரியவர். கிடாரைப் பிடுங்கி மறுபடி சுருளி கையில் கொடுத்தார்.

"இது போச்சுன்னா நானும் காலி பண்ணிப் போறேன்டா மலையாண்டி."

தவசி மலையாண்டிக்குத் தாய்மாமன். அவர் மடியில் உட்கார்ந்துதான் மலையாண்டி காது குத்திக்கொண்டது. மாமன் சொல்லுக்கு மேலே சொல் ஏது? சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வாசிக்கலாம் என்று முடிந்தது. மோட்டாரும் வந்து சேர்ந்தது.

சுருளிக்குக் கண் கலங்கிவிட்டது. தவசியின் மனைவி சோணையம்மாளிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இந்த மதுரையிலயே என் வாசிப்பக் கேட்டு ரசிச்சது ஐயா ஒருத்தருதாம்மா."

"அவரு எங்க தம்பி கேட்டாரு? முப்பது வருசம் மில்லுத் தறிக்கிட்ட நின்னு ரெண்டு காதும் போச்சு. நீங்க வாசிக்கையில செவுத்துல சாஞ்சா தறி ஓடுற மாதிரியே இருக்காம், ரிட்டையரானதுக்கு அப்புறம் இந்த ஒரு மாசமாத்தான் மனுசன் நிம்மதியா கண்ணசருறாரு."